விவசாயிக்கு வகுப்பெடுத்தால் வலைப்பின்னல் வந்துவிடாது

வேளாண்மை பற்றிய திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் கண்ணில் படும். முதலாவது: ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. இரண்டாவது: அந்த இடைவெளியை அடைக்கப் பயிலரங்குகள் நடத்த வேண்டும். முதல் வாக்கியம் உண்மை. அது உண்மை என்பதாலேயே இரண்டாவதற்கும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள். துறை அதிகாரி, பேராசிரியர், தொண்டு நிறுவனக்காரர், நிதி கொடுப்பவர் என்று ஒருவருக்கும் அதில் சந்தேகம் எழுவதில்லை.

அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு புதுப் பெயரும் வந்திருக்கிறது. 2023 முதல் 2027 வரைக்கான பொது வேளாண் கொள்கையில் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒரு வேலை வைத்தது. ஒவ்வொரு நாடும் தன்னுடைய வேளாண் அறிவு, புத்தாக்க வலைப்பின்னலை எப்படி வலுப்படுத்தப் போகிறது என்று எழுதித் தர வேண்டும். விவசாயி, ஆய்வாளர், ஆலோசகர், வியாபாரி ஆகியோரை ஒருவரோடு ஒருவர் பேச வைப்பதுதான் அதன் நோக்கம். நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் நம் ஊருக்கு வந்து சேரும்போது பதாகை, குத்துவிளக்கு, வரவேற்புரை, பவர்பாயிண்ட், மதியச் சாப்பாடு, குழுப் படம் என்று சுருங்கிவிடுகிறது.

பயிலரங்கு நடத்தினால் வலைப்பின்னல் வலுவாகும் என்ற நம்பிக்கைக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: விவசாயிக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவார். நூற்றறுபது ஆண்டு அனுபவம் இதற்கு எதிராக நிற்கிறது. அந்த அனுபவம் தொடங்கிய இடம், தென்சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையின் சந்திப்பிலிருந்து வடக்கே பத்து கிலோமீட்டர் போனால் வந்துவிடும்.

1860களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். மாகாணத்தின் விவசாயத்தைத் திருத்தியே தீருவது என்று முடிவெடுத்து இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்தார். நீராவிக் கலப்பை வந்தது, விதைக்கும் கருவி வந்தது, கதிரடிக்கும் எந்திரம் வந்தது. அவற்றை வைத்துக் காட்டச் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை உருவானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் பிறப்பையே 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியிலிருந்துதான் கணக்கிடுகிறது. 1906இல் அது கோவைக்குப் போயிற்று.

நீராவிக் கலப்பை மாகாணத்து உழவில் இடம் பிடிக்கவில்லை. சிறு வரப்புகளுக்குள் ஒரு சோடி மாட்டை வைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்ட குடியானவருக்கு அந்த எந்திரம் எந்தக் கேள்விக்குப் பதில்? அவர் அதைக் கேட்கவே இல்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

இந்தியக் குடியானவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பேச்சை முதலில் அழுத்தமாக மறுத்தவர்களில் ஒருவர் ஆங்கிலேயர். 1889இல் லண்டன் அரசு ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை இந்திய விவசாயத்தைப் பார்த்துவர அனுப்பியது. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்தபடி இல்லை. நல்ல நிலையில் உள்ள இந்தியக் குடியானவர் இங்கிலாந்தின் சராசரி விவசாயிக்குக் குறைந்தவரல்லர், சில வகையில் மேலானவர் என்று எழுதினார். விளைச்சல் எங்கே குறைகிறதோ அங்கே தண்ணீரும் எருவும் வசதிகளும் குறைவு என்றார். அறிக்கை அலமாரிக்குப் போனது. ‘தெரியாத விவசாயி’ என்ற உருவம் மட்டும் வெளியிலேயே உலவிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த உருவம் மாறவில்லை, அதற்குச் செய்த ஏற்பாடுகள்தான் மாறின. 1970களில் உலக வங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு ‘பயிற்சியும் பார்வையும்’ திட்டம் வந்தது. வேளாண் ஊழியருக்கு மேலிடம் பயிற்சி தரும். அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட ‘தொடர்பு விவசாயி’களைப் போய்ப் பார்த்து அந்தச் செய்தியைச் சேர்ப்பார். அங்கிருந்து ஊருக்கெல்லாம் பரவும் என்பது கணக்கு. தொடர்பு விவசாயி பெரும்பாலும் ஊரில் வசதியானவராக இருந்தார். செய்தி அவர் திண்ணையோடு நின்றது. 1990களில் வங்கி கையை விட்டதும் திட்டம் படுத்துவிட்டது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 730க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2005 முதல் ‘அட்மா’ எனப்படும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை நாடெங்கும் விரிந்தது. பண்ணைப் பள்ளி, செயல்விளக்கத் திடல், உழவர் ஆர்வலர் குழு, கண்டுணர் சுற்றுலா என்று அதன் தலைப்புகளில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

இவ்வளவும் விவசாயியிடம் போய்ச் சேர்ந்ததா? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003இல் 51,770 விவசாயக் குடும்பங்களிடம் நேராகவே கேட்டது. நவீனத் தொழில்நுட்பம் பற்றி எந்த வழியிலாவது தகவல் பெற்றதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம்தான். அவர்களுக்குத் தகவல் வந்த வழிதான் இன்னும் சுவாரசியமானது. முன்னோடி விவசாயிகளிடமிருந்து பெற்றவர்கள் 16.7 சதவீதம். உரக்கடை, மருந்துக்கடைக்காரரிடமிருந்து 13.1. வானொலியிலிருந்து 13. அரசு விரிவாக்க ஊழியரிடமிருந்து 5.7. பயிற்சி முகாமில் கலந்துகொண்டு பெற்றவர்கள் 0.9 சதவீதம். வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து 0.7. பத்து ஆண்டு கழித்து நடந்த அடுத்த ஆய்விலும் ஏறக்குறைய 59 சதவீதக் குடும்பங்கள் அரசிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ எந்தத் தொழில்நுட்ப உதவியும் கிடைக்கவில்லை என்றன.

பயிலரங்கு ஆதரவாளர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. ‘0.9 சதவீதம்தானா? அப்படியென்றால் இன்னும் நிறையப் பயிற்சி நடத்த வேண்டும்.’ மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டு என்கிற வாதம் இது. எண்கள் சொல்வது வேறு. ஊரில் ஏற்கெனவே ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. அதன் நடுவில் அக்கம்பக்கத்து விவசாயியும் மருந்துக்கடைக்காரரும் நிற்கிறார்கள். பயிலரங்கு அதற்கு வெளியே நடக்கிறது.

மருந்துக்கடைக்காரர் ஏன் அரசு ஊழியரை முந்துகிறார்? அவருக்கு விற்பனை லாபம் வேண்டும், அதனால் தேவைக்கு மேல் மருந்தைத் தலையில் கட்டுகிறார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கடை தினமும் திறந்திருக்கிறது. கையில் காசில்லாத நாளில் கடனுக்குத் தருகிறார். பூச்சி அரித்த இலையைக் கையோடு கொண்டுபோனால் அந்த நிமிடமே ஏதோ ஒரு பதில் கிடைக்கிறது. பயிர் கெட்டால் கொடுத்த கடனும் முடங்கும், அடுத்த வாரம் அதே முகத்தில் விழிக்கவும் வேண்டும். ஆகவே அரைகுறையாக இருந்தாலும் அவர் சொல்லுக்குப் பின்னால் ஒரு பொறுப்பு இருக்கிறது. பயிலரங்கில் பேசிய வல்லுநருக்கு மதிப்பூதியம் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. பயிர் விளைந்ததா என்று பார்க்க அவர் திரும்பி வர வேண்டியதில்லை. ஹைதராபாத்தின் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003இலேயே இடுபொருள் விற்பவர்களுக்கென்று பட்டயப் படிப்பைத் தொடங்கியது இந்த உண்மையைக் கண்டுதான்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வலுவான சான்று ஒன்றை இங்கே எடுத்துப் பேசாவிட்டால் நியாயமாகாது. 1960களின் நடுவில் தஞ்சாவூரில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விடாமல் பேசின. விவசாயிகளே அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலிருந்து கீழே சொன்னார்கள், கீழே இருந்தவர்கள் கேட்டார்கள், நெல் பரவியது. பயிலரங்குக்காரர்களின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையா?

தஞ்சாவூரில் அப்போது வானொலி மட்டும் இருக்கவில்லை. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தது, உரம் கிடைத்தது, விதை கிடைத்தது, வயலைப் பார்க்க ஊழியர் வந்தார். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அதற்கும் மேலாக, குறுவையில் சீக்கிரம் அறுத்துவிட்டு அதே நிலத்தில் இரண்டாம் போகம் வைக்கும் வாய்ப்பை அந்த நெல் கொடுத்தது. ஒரு போகக்காரருக்கு அது வருமானக் கணக்கையே மாற்றும் விஷயம். செய்தி பரவியதற்குக் காரணம், அதைச் செய்து பார்க்கத் தேவையான எல்லாம் செய்தியோடு சேர்ந்தே வந்தது. வானொலியை எடுத்துவிட்டாலும் அந்த நெல் பரவியிருக்கும், கொஞ்சம் மெதுவாக. கடனையும் தண்ணீரையும் எடுத்துவிட்டிருந்தால், வானொலி தொண்டை வற்றப் பேசியிருந்தாலும் பரவியிருக்காது.

இன்னொரு நெல் கதை இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. மடகாஸ்கரில் ஆன்றி டி லோலானியே என்ற பாதிரியார் 1980களில் கண்டறிந்த முறை, தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றது. பதினைந்து நாள்கூட ஆகாத இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், உருளும் களைக்கருவி. ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். வேளாண் பல்கலைக்கழகம் 2003-04இல் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் தலா நூறு வயல்களில் இதைச் செய்து பார்த்தது. அதன்பின் மாநிலம் முழுக்கப் பயிற்சிகள், முகாம்கள், மானியங்கள். நாட்டில் வேறெந்த நெல் முறைக்கும் இவ்வளவு பயிலரங்குகள் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

விளைவைப் பார்க்கலாம். 13 மாநிலங்களில் இந்த முறையைக் கையாண்ட 2,234 விவசாயிகளிடம் பழனிசாமி குழுவினர் நடத்திய ஆய்வு 2013இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் வெளிவந்தது. முறையின் எல்லாக் கூறுகளையும் முழுமையாகப் பின்பற்றியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்கள் தங்கள் வயலுக்கு எது பொருந்தியதோ அதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

பயிலரங்கு நடத்தியவர்களின் பார்வையில் இது ‘அரைகுறை ஏற்பு’, அதாவது தோல்வி. வயலில் நின்று பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். தண்ணீரை வடிக்கவும் பாய்ச்சவும் வாய்க்கால் தன் கையில் இல்லாதவரால் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய முடியாது. பதினைந்து நாளில் நாற்றைப் பறிக்க வேண்டுமானால் அதே நாளில் நடவு ஆள் கிடைக்க வேண்டும். அந்த நடவைச் செய்கிறவர்கள் யார்? பெண்கள். பயிற்சிக்கு அழைப்பு யாருக்குப் போனது? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலம் நடத்துவோராகப் பதிவான பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். நடவு நட்டுப் பழகிய கை ஒரு பக்கம் இருக்க, நாற்றைத் தொடாதவர் அரங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். களைக்கருவி வந்ததும் பல ஊர்களில் களையெடுப்பு ஆண்கள் கைக்கு மாறிப் பெண்களின் கூலி நாள்கள் குறைந்தன. இந்த விஷயமெல்லாம் பயிற்சிக் கையேட்டில் ஓர் ஓரத்தில்கூட இல்லை. வலைப்பின்னல் என்று பேசுகிறவர்கள் அதன் நடுக்கண்ணியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பெரிய அரங்கும் நிதியும் இல்லாமல் நடந்த ஒரு வேலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் பேச்சும் உண்டு, சாப்பாடும் உண்டு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அதுவும் ஒரு பயிலரங்குதான். வேறுபாடு ஒரே ஒரு விதியில் இருந்தது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ மரபு விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை என்று 170க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படி மீண்டும் புழக்கத்துக்கு வந்தன.

அந்த விதி செய்த வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். விதை வாங்கியவர் அதை விதைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தர முடியாது. விதைத்தால் அந்த நெல் தன் மண்ணில் எப்படி வருகிறது, எத்தனை நாளில் கதிர் வாங்குகிறது, வெள்ளத்தில் நிற்கிறதா சாய்கிறதா என்பதைப் பார்த்திருப்பார். திருப்பித் தர வரும்போது அந்தச் சேதியோடுதான் வருவார். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்தவர் வாங்கிப் போவார். வருகைப் பதிவேடு, மதிப்பீட்டுப் படிவம், பின்தொடர் ஆய்வு என்று திட்டங்கள் தனித்தனியாகச் செலவழித்துச் செய்ய முயன்று தோற்கும் அத்தனையும் அந்த நான்கு கிலோவுக்குள் அடங்கியிருந்தது. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். கொடுத்ததும் திரும்பி வந்ததுமான கணக்கின் மேல் அது நின்றதால் அவருக்குப் பின்னும் விதைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

வெளிநாட்டிலும் இதே பாடம் உண்டு. இந்தோனேசியாவின் நெல் வயல்களைப் புகையான் சூறையாடியபோது, பூச்சிக்கொல்லியை அளவில்லாமல் அடித்ததுதான் அதன் இயற்கை எதிரிகளைக் கொன்று பூச்சியைப் பெருக்கியது என்று தெரிந்தது. 1986இல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சாகுபடிக் காலம் முழுவதும் வாரம் ஒருநாள் விவசாயிகள் வயலில் இறங்கித் தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணினார்கள். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே கூடி முடிவெடுத்தார்கள். விரிவுரை கிடையாது. அதுவே உலகம் முழுக்கப் போயிற்று.

ஆனால் 2004இல் உலக வங்கிப் பொருளாதார வல்லுநர்கள் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பள்ளிகளில் படித்தவர்களிடம்கூட விளைச்சலிலும் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, அண்டை அயலாரிடமும் இல்லை என்றது. அந்த முடிவைப் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும் ஒன்று தெளிவு. வயலில் இறங்கி, பருவம் முழுக்க நடத்திய பயிற்சிக்கே இப்படி ஒரு கேள்வி எழ முடியும் என்றால், குளிரூட்டிய அறையில் காலை பத்தரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும் பயிலரங்கால் வலைப்பின்னல் உருவாகும் என்று நம்ப என்ன ஆதாரம்?

இதுவரை பெரும்பாலும் பேசியது மேலிருந்து கீழே வரும் அறிவு. கீழிருந்து மேலே போகும் அறிவுக்கு என்ன நடக்கிறது? மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் சிறு நிலம் வைத்திருந்த தாதாஜி கோப்ரகடே 1983இல் தன் வயலில் வித்தியாசமான சில கதிர்களைப் பார்த்துப் பிரித்தெடுத்தார். ஆண்டுக்கணக்கில் விதைத்துத் தேர்ந்து ஒரு சன்ன ரக நெல்லை உருவாக்கினார். அப்போது பிரபலமாக இருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் பெயர் அந்த நெல்லுக்கு அமைந்தது. 1994இல் அகோலா வேளாண் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து விதை வாங்கிச் சென்றது. 1998இல் தன் பெயரைச் சேர்த்துப் புது ரகமாக வெளியிட்டது. கண்டுபிடித்தவருக்கு அதில் இடமில்லை. தேசியப் புத்தாக்க நிறுவனம் தலையிட்ட பிறகுதான் 2005இல் அவருக்கு விருது கிடைத்தது. அறிவு இருவழிப் பாதை என்று மேடையில் சொல்வது எளிது. ஏறுவழியில் போகிறவருக்கு ரசீதுகூடக் கிடைப்பதில்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது. மதுரையின் சேவா அமைப்பு ‘நம் வழி வேளாண்மை’ இதழில் விவசாயிகளின் உத்திகளை அவரவர் ஊர், பெயரோடு அச்சிட்டது, தகவல் பரப்புவதற்கு மட்டுமல்ல. உரிமையாளர் யார் என்று பதிந்து வைப்பதற்கும்தான்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். விவசாயிகளின் சொந்த வலைப்பின்னலில் பொய்யும் வேகமாகப் பரவுகிறதே? எந்தக் கரைசலைத் தெளித்தாலும் எல்லா நோயும் போய்விடும் என்கிற யூடியூப் காணொளிகள் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. வாட்ஸாப்பில் வந்த சேதியை நம்பி மருந்துகளைக் கலந்தடித்துப் பயிரைக் கருக்கியவர்கள் உண்டு. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்ட மக்காச்சோளப் படைப்புழு, அதே ஆண்டே தமிழக வயல்களுக்குள் புகுந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் பூச்சியியல் தெரிந்தவரின் சொல்தான் வேண்டும், பக்கத்து வயல்காரரின் யூகம் போதாது.

சரிதான். விஞ்ஞானி வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதமே இல்லை. எங்கே வேண்டும், எப்படி வேண்டும் என்பதுதான் கேள்வி. விவசாயிகள் செய்து பார்த்ததை எடுத்துச் சோதித்து, இது பலிக்கிறது, இது பலிக்காது, இது ஆபத்து என்று பெயர் போட்டுச் சொல்ல விஞ்ஞானியால் மட்டுமே முடியும். அந்த வேலையை விட்டுவிட்டு அவரை வருடத்துக்கு முப்பது மேடைகளில் ஒரே படக்காட்சியைப் போட வைப்பது, கிடைத்தற்கரிய ஆளை வீணடிப்பது.

தென்சென்னைப் புறநகரில் இந்த விவாதத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கீழ்க்கட்டளையில் மெட்ரோ தூண்கள் எழுகின்றன. இருநூறு அடிச் சாலையில் வண்டிகள் நகர இடமில்லை. விவசாயம் இங்கே பழங்கதை. ஆனால் அறிவு எப்படி அழிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் மிகுதி நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கவே இப்படி ஏரிக்கு ஏரி கோத்த நிலம். மடையை என்றைக்குத் திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டும், கலங்கல் வழியாக எவ்வளவு போகவிடலாம் என்று, தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டிக்குத் தெரிந்திருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகிரில் எடுத்த கணக்கெடுப்பு, ஊர்ப் பணியாளர்களுக்கு விளைச்சலிலிருந்தே பங்கு போன விவரங்களை ஊர்வாரியாகச் சொல்கிறது. யோசனை சொல்பவரின் கூலி விளைச்சலில் இருந்தது. பயிர் காய்ந்தால் அவர் களஞ்சியமும் காயும்.

ஆயக்கட்டு வீட்டுமனைகளானதும் அந்த அறிவு போய்விட்டது. வகுப்பு நடத்தாததால் அது மறக்கப்படவில்லை. அதைக் கொண்டு பிழைக்க வழியில்லாமல் போனது, அதற்குப் பங்கு கொடுக்க வயல் இல்லாமல் போனது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி இந்தப் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்தபோது, எந்த ஏரியின் மிகுதி எங்கே போகும் என்று சொல்ல ஆளில்லை. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு அதைப் பற்றி நடக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை.

இன்றைக்கு இந்தப் புறநகரில் மிஞ்சியிருக்கும் சாகுபடி மொட்டைமாடியில் நடக்கிறது. தோட்டக்கலைத் துறை 900 ரூபாய் பெறுமானமுள்ள மாடித்தோட்டத் தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தது. வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, காய்கறி விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் உண்டு. கிண்டியில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத் தகவல், பயிற்சி மையத்தில் ஒருநாள் வகுப்புகள் நடக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமே இருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நிறுவனங்கள் வாய்த்த இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை. இருந்தும், மூன்றாம் மாதம் கத்தரியில் மாவுப்பூச்சி ஏறும்போது மாடிக்காரர் கேட்பது சாலையோர நர்சரிக்காரரையோ முகநூல் குழுவையோதான். வகுப்பு முடிந்துவிட்டது, பூச்சி இப்போதுதான் வந்திருக்கிறது.

சரி செய்வது கடினமில்லை, செலவும் அதிகமில்லை. ஒருநாள் பயிலரங்குக்கு ஒதுக்கும் பணத்தை மூன்று அரைநாளாகப் பிரிக்கலாம். விதைக்கும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, அறுக்கும்போது ஒருமுறை, மூன்றும் அதே வயலில் அல்லது அதே மாடியில், அதே ஆட்களோடு. இரண்டாம் சந்திப்பின் முதல் அரைமணி நேரம் போன தடவை சொன்னது பலித்ததா என்பதற்கு மட்டும். அழைப்பிதழ் பட்டாதாரரோடு நிற்கக் கூடாது. குத்தகைக்காரர், நடவு நடும் பெண், மருந்துக்கடைக்காரர், நர்சரிக்காரர் ஆகியோர் முதல் வரிசைக்கு வர வேண்டும். அவர்கள் ஒருநாள் கூலியை விட்டு வருகிறார்கள் என்பதால் அந்தக் கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். நிபுணருக்கு மதிப்பூதியம் கொடுக்க முடிகிற திட்டத்துக்கு இது முடியாததில்லை. மானிய விண்ணப்பம், பயனாளிப் பட்டியல், புகைப்படப் பதிவேற்றம் என்று தாளுக்குள் மூழ்கிக் கிடக்கும் உதவி வேளாண்மை அலுவலரை அதிலிருந்து மீட்டு வயலுக்கு அனுப்பினால், பாதிப் பயிலரங்குகளுக்குத் தேவையே இருக்காது.

எழுபது வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சியில் ஆதிரெங்கத்து விதியை மாடிக்கும் கொண்டுவரலாம். ஆடிப்பட்டத்துக்கு ஒரு பிடி விதை வாங்குகிறவர் தைக்குள் இரண்டு பிடியாகத் திருப்பித் தர வேண்டும். எது முளைத்தது, எது முளைக்கவில்லை, எந்தப் பூச்சி எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். கிண்டி மையமோ காட்டுப்பாக்கம் நிலையமோ அந்தத் தாள்களைப் படித்து, அடுத்த ஆடிக்கு முன் பதில் சொல்ல வேண்டும், எழுதியவர் பெயரோடு.

இதற்குத் தடையாக இருப்பது பணமோ தொழில்நுட்பமோ இல்லை, திட்ட முடிவறிக்கையின் படிவம். அதில் பங்கேற்றோர் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது, பெண்கள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை என்பதற்கும் இருக்கிறது, செலவுக்கும் படத்துக்கும் இருக்கிறது. போன ஆண்டு சொன்ன யோசனைகளில் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன, பொய்த்ததற்கு என்ன செய்தோம் என்பதற்குக் கட்டமில்லை. அடுத்த நிதியாண்டில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு பயிலரங்குக்குப் பணம் ஒதுக்கும் எந்த அதிகாரியும், கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று கட்டங்களையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லலாம். அதை நிரப்ப முடியாதவர்களுக்குப் பணம் கொடுக்காமலும் இருக்கலாம்.